அண்டைச் செடி பகையா, துணையா?

கார்த்திகை பிறந்து பச்சைத் தேயிலையின் வரத்துக் குறையத் தொடங்கும் நாட்களில், குந்தா வட்டத்துச் சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும் எந்த அலுவலரிடமும் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுவிடலாமா என்பதே அது. கேட்பவரின் நிலைமை அறியாமல் விடை கூறுவது எளிது. இலையின் விலை சரிந்திருக்கும். சங்கத்துக்குக் கட்டவேண்டிய தவணை நின்றிருக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கும். நிற்கும் மரமோ நிற்கும் ரொக்கம். அத்துடன் நியாயம் ஒன்றும் கூறப்படும்: "மரம் நாம் போடும் உரத்தைத் தின்கிறது, ஈரத்தைக் குடிக்கிறது, வெயிலை மறைக்கிறது. அதை எடுத்துவிட்டால் தேயிலை இன்னும் நன்றாக வரும் அல்லவா?"

இவ்வாதம் பொய்யன்று, பாதி மெய். பாதி மெய்யான வாதமே முழுப் பொய்யைவிட அதிக நட்டத்தைத் தரவல்லது. ஆகையால் அருகருகே வாழும் செடிகள் ஒன்றோடொன்று எவ்வாறு போட்டியிடுகின்றன, எப்பொழுது ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். இது வறள்நிலங்களில் மிகுதியாக ஆராயப்பட்டிருக்கும் பொருள். மேகம் தவழும் குந்தாவுக்கும் வறள்நிலப் பாடத்துக்கும் என்ன உறவு என்று அங்கத்தினர்கள் ஐயுறக்கூடும். அதை முதலில் தீர்த்துக்கொள்வது நலம்.

தென்மேற்குப் பருவக்காற்றை முகத்தில் ஏற்று நிற்கும் மலை நம்முடையது. அவ்வளவு நீர் இங்கே பொழிவதனால்தான் 1950-களில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டு, அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி நீர்த்தேக்கங்கள் எழுந்தன. ஆனால் ஓராண்டின் மொத்த மழை செடிக்குத் தெரியாது. தன் வேரின் அருகில் இன்றைக்கு ஈரம் உண்டா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். தை முதல் பங்குனி வரை இங்கே வானம் வெளுத்துவிடுகிறது. பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் உறைபனி, சரிவான நிலத்தின் மேல்மண்ணில் ஈரம் தங்குவதில்லை. தேயிலையின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களோ பெரும்பாலும் அம்மேல்மண்ணிலேயே பரவியுள்ளன. எனவே ஒன்பது மாதம் ஈரநிலமாகவும் மூன்று மாதம் வறள்நிலமாகவும் வாழும் ஊர் இது. நம் தோட்டத்தின் அழிவும் வாழ்வும் அந்த மூன்று மாதங்களிலேயே பெரும்பாலும் முடிவாகின்றன.

இனிப் பொருளுக்கு வருவோம். விலங்குக்குப் பகை வந்தால் ஓடலாம். செடிக்கு அது இயலாது. முளைத்த இடத்திலேயே அண்டையாருடன் ஆயுள் முழுவதும் வாழ்ந்தாகவேண்டும். அவர்களுக்குள் வழக்கு மூன்று பொருள்களைப் பற்றியது: வெளிச்சம், நீர், மண்ணிலுள்ள சத்து. வெளிச்சத்துக்கான வழக்கு நம் கண்ணெதிரே நடக்கிறது, உயர்ந்தவன் வெல்கிறான். மற்ற இரண்டும் மண்ணுக்கடியில் நடப்பதால் நாம் காண்பதில்லை. காணாததைப் பற்றி உறுதியாகப் பேசுவது மனித இயல்பு. அதனால்தான் மரம் நீரைக் குடித்துவிடும் என்று ஒருவரும், மரம் நீரைக் கொண்டுவரும் என்று மற்றொருவரும் அடித்துப் பேசுகின்றனர். வியப்பு யாதெனில், இருவரும் கூறுவது மெய்யே.

நமது தோட்டங்களில் நிற்கும் அதே சில்வர் ஓக் மரத்தைக் கொண்டே இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் நம் மலைக்கு வந்ததுபோலவே ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டுக்கும் சென்று, அங்கே குடியானவர்களின் மக்காச்சோள வயல்களில் நடப்பட்டது. அந்நாட்டின் மச்சாகோஸ் பகுதி ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மழை பெறுவது. ஏறக்குறைய நம் கோயம்புத்தூர்ச் சமவெளியைப் போன்றது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் மரத்தின் வேர்களைத் தோண்டியெடுத்து, ஒவ்வொரு வேரிலும் நீர் எத்திசையில் ஓடுகிறது என்று அளந்தார்கள். முறை எளியது: வேரின் ஓரிடத்தில் சிறிது வெப்பத்தை ஊட்டி, அவ்வெப்பம் மேற்பக்கம் செல்கிறதா கீழ்ப்பக்கம் செல்கிறதா என்று பார்ப்பது.

வேரில் நீர் எப்பொழுதும் மேல்நோக்கித்தான் ஓடும் என்று நாம் பள்ளியில் படித்தோம். அது அவ்வாறு இல்லை. சில்வர் ஓக் மரத்தையும் ஒருவகைக் கற்பூர மரத்தையும் பற்றி 1998-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சி கூறுவது இது: கோடையில், மேல்மண் காய்ந்தும் அடிமண் ஈரமாகவும் இருக்கும்போது, ஆணிவேர் இழுத்த நீரில் ஒரு பகுதி பக்கவேர்களின் வழியே காய்ந்த மேல்மண்ணுக்குள் வந்து சேர்கிறது. இரவில், இலைகள் நீரை இழுக்காத நேரத்தில், இவ்வித ஏற்றம் நிகழ்வதைப் பல மரஞ்செடிகளில் கண்டிருக்கிறார்கள். மேல்மண்ணுக்கு வந்த ஈரம் மரத்துக்கு மட்டும் உரியதன்று. அங்கே வேர்விட்டிருக்கும் அண்டைச் செடியும் அதை அருந்தலாம். ஆளில்லாமல் இறைக்கும் ஏற்றம் என்று இதைக் கொள்ளலாம்.

ஆனால் அதே ஏற்றம் தலைகீழாகவும் இறைக்கும். முதல் மழை பெய்து மேல்மண் நனைந்து அடிமண் இன்னும் காய்ந்திருக்கும்போது, அம்மரத்தின் வேர்கள் மேலிருந்த நீரைக் கீழே கொண்டுபோயின. மச்சாகோஸிலேயே சில்வர் ஓக் மரங்களில் இது அளக்கப்பட்டு, 1999-இல் வெளியாயிற்று. மக்காச்சோளம் முளைத்து நீருக்காக ஏங்கும் நாட்களில் மரம் தன் களஞ்சியத்தை நிரப்பிக்கொண்டது. அடிமண்ணுக்கு மழைநீர் இறங்கிச் சேர்வது அரிதான அவ்வறண்ட பூமியில், மரம் பெரிதாக வளர வளர அதனருகில் இருந்த மக்காச்சோளத்தின் விளைச்சல் சரிந்தது. அடியில் நீர் இல்லாத ஊரில் ஆழவேர் மரமும் மேல்மண்ணையே சுரண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். குந்தாவில் நிலை வேறு. ஆறு மாத மழை அடிமண்ணில் இறங்கிச் சேமிக்கப்படுகிறது. எனவே கென்யாவில் எதிரியாக நின்ற மரமே இங்கே கோடையில் துணைவனாக இருக்க இடமுண்டு. மரத்தின் குணம் மாறவில்லை. அடிமண்ணின் இருப்பு மாறியிருக்கிறது.

சமவெளி அங்கத்தினர்களுக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டுக் கேழ்வரகும் துவரையும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மானாவாரிக் குடியானவர்கள் கேழ்வரகு வரிசைகளின் இடையே ஒன்றிரண்டு துவரை வரிசை விடுவது பழைய வழக்கம். கேழ்வரகின் வேர் மேலோடு பரவும். துவரையின் ஆணிவேர் ஆழச் செல்லும். சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் பல்கலைக்கழகத்தார் இந்திய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து இந்த இணையை ஆராய்ந்து, 2019-இலும் 2020-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். நீர் தாராளமாக இருந்தபோது துவரை கேழ்வரகை நெருக்கி அதன் வளர்ச்சியைக் குன்றச் செய்தது. நீரை நிறுத்தி வறட்சியை உண்டாக்கியபோதோ, தனியே வளர்ந்த கேழ்வரகு வாடி மடிய, துவரையின் அருகில் வளர்ந்த கேழ்வரகு பிழைத்து நின்றது. நெருக்கியதும் துவரைதான், காத்ததும் துவரைதான்.

துவரை ஏற்றிய நீர் கேழ்வரகுக்கு எவ்வழியே சென்றது என்பது இன்னும் சுவையானது. வேர்களின் உள்ளும் புறமும் வாழும் நுண்ணிய பூசணம் ஒன்றுண்டு. வேளாண்மைத் துறையார் வேர் உட்பூசணம் என்பர். அதன் இழைகள் நம் நெசவாளர் கையாளும் மிக மெல்லிய நூலினும் பன்மடங்கு மெல்லியவை. வேர் நுழைய முடியாத மண்துளையிலும் அவை நுழைந்து, மணிச்சத்தையும் நீரையும் திரட்டி வேருக்குக் கொடுத்து, கூலியாகச் செடி சமைத்த சர்க்கரையைப் பெறுகின்றன. ஒரே பூசணத்தின் இழை இரு வேறு செடிகளின் வேரில் பாவும் ஊடுமாக ஓடியிருக்கும்போது, ஒரு செடியின் பக்கத்திலுள்ள ஈரம் மறு செடிக்குச் செல்லப் பாதை உண்டாகிறது. துவரையையும் கேழ்வரகையும் வைத்து நடந்த சோதனையில் இப்பாதை கேழ்வரகுக்கு நீர் கிடைக்க உதவியது என்று கண்டார்கள். மண்ணை ஓயாமல் கொத்திப் புரட்டுவதும், களைக்கொல்லியால் வெறுந்தரையாக்குவதும் இந்நெசவை அறுத்துவிடும் என்பதை மட்டும் இவ்விடத்தில் சொல்லி மேலே செல்கிறேன்.

இவையெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமான செய்திகளா, பொதுவிதி ஏதும் உண்டா? நெடுங்காலம் அறிவியலார் போட்டியையே பெரிதாகப் பேசினர். 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை வெளியிட்ட டார்வினின் பெயரால் இக்கருத்துப் பரவியது. ஆனால் பாலைவனத்தின் விளிம்பில் நிற்கும் செடி வறட்சியை எதிர்த்துப் போராடுகிறது என்பதையும் அவர் வாழ்க்கைப் போராட்டமாகவே கொண்டார் என்பதைப் பலர் மறந்தனர். 1902-இல் ருஷ்ய அறிஞர் குரோபாட்கின், சைபீரியக் கடுங்குளிரில் விலங்குகள் ஒன்றையொன்று அடுத்து வாழ்வதைக் கண்டு, பரஸ்பர உதவியைப் பற்றி நூல் எழுதினார். கூட்டுறவாளர்கள் அந்நூலை விரும்பிப் படித்ததில் வியப்பில்லை. எனினும் கூட்டுறவு ஆய்வாளன் செடிகளையும் சங்கத்தில் சேர்க்க வந்துவிட்டான் என்று எண்ணவேண்டாம். செடிகளுக்குத் துணைவிதிகள் இல்லை. ஈகைக் குணமும் இல்லை. ஒன்று தன் பிழைப்புக்காகச் செய்வது அண்டையிலிருப்பதற்குப் பயன்படுகிறது, அவ்வளவே.

பொதுவிதியை 1994-இல் பெர்ட்னஸ், காலவே என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் எடுத்துரைத்தனர். வாழ்வு எளிதான இடத்தில் அண்டைச் செடிகள் போட்டியாளர்கள். வாழ்வு கடினமாக ஆக ஆக அவை உதவியாளர்கள் என்பது அதன் சாரம். 2002-இல் இதற்கு வலுவான சான்று கிடைத்தது. உலகின் 11 மலைப்பகுதிகளில் 115 வகைச் செடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சுற்றியிருந்த அண்டைச் செடிகளை நீக்கிப் பார்த்தார்கள். மலையின் தாழ்ந்த, இதமான பகுதிகளில் அண்டையை நீக்கியதும் செடி செழித்தது. குளிரும் காற்றும் மிகுந்த உச்சிப் பகுதிகளில் அண்டையை நீக்கியதும் செடி நலிந்தது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. வறட்சி முற்றி மண்ணில் பங்கிட ஒன்றுமே இல்லாத நிலையில், நிழல் தரும் புதரும் எஞ்சிய சொட்டு நீரைக் குடித்துவிடும். அங்கே உதவி மறுபடியும் போட்டியாகலாம் என்று ஸ்பெயின் நாட்டு வறள்நில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இவ்விதியை இடத்துக்கு மட்டுமன்றிக் காலத்துக்கும் பொருத்திப் பார்த்தால் குந்தாவின் கதை தெளிவாகும். ஆனி, ஆடி மாதங்களில் மேகம் தோட்டத்தின்மேல் வந்து படுத்துக்கொள்கிறது. அப்பொழுது தேயிலைக்குக் குறைவானது வெளிச்சம் ஒன்றே. அதை மறைக்கும் மரக்கிளை ஐயமின்றிப் பகையே. அது மட்டுமா? 1946-ஆம் ஆண்டு தென்னிந்தியாவுக்குள் நுழைந்த கொப்புள நோய், கொழுந்து காயாமல் நனைந்திருக்கும் நிழலடர்ந்த இடத்தில்தான் கொண்டாட்டமாகப் பரவுகிறது. ஆகவே மழைக்கு முன்னரே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து, மேலே திறப்பு விடவேண்டும் என்பது தோட்டக்காரர்களின் நெடுநாள் வழக்கம். தை, மாசியில் நிலை தலைகீழ். வெயிலில் திறந்து கிடக்கும் தேயிலையில் செஞ்சிலந்தி ஏறி இலையைச் செம்பு நிறமாக்குகிறது; நிழலின்கீழ் அதன் வேகம் குறைவு. அடைமழையில் பகையாக இருந்த அதே கிளை இப்பொழுது குடையாகிறது. கழித்த கிளை ஆறேழு மாதத்தில் மீண்டும் தழைத்துத் தக்க சமயத்தில் குடை விரிப்பது இம்முறையின் அழகு. எந்த ஆராய்ச்சியும் வருவதற்கு முன்னரே அனுபவத்தால் இதைக் கண்டவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

உறைபனியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பகலில் பெற்ற வெப்பத்தை நிலமும் இலையும் வானை நோக்கி இழந்துவிடுகின்றன. மேலே மரத்தின் தழை இருந்தால், அவ்வெப்பத்தில் ஒரு பங்கைத் தடுத்துத் திருப்பி அனுப்புகிறது. குளிர்ந்த காற்றோ கனமானது. நீரைப்போல் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மேட்டுத் தோட்டம் தப்ப, ஓடைக்கரைத் தோட்டம் கருகுவதை நாம் காண்கிறோம். சகோதரர் இருவர் பாகம் பிரித்துக்கொண்ட தோட்டம் ஒன்றை நான் அறிவேன். ஒருவர் தம் பாகத்து மரங்களையெல்லாம் ஒரே சமயத்தில் எடுத்துவிட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவருடைய பாகத்தில் கொழுந்து கூடுதலாகவே வந்தது. அண்ணனைப் பார்த்து அவர் சிரித்ததும் உண்டு. தை மாதத்தில் தொடர்ந்து சில இரவுகள் பனி விழுந்தபோது, அவருடைய பாகத்தின் தாழ்ந்த பகுதி முழுவதும் காப்பித்தூள் நிறமாயிற்று. அண்ணன் பாகத்தில் ஓரங்கள் மட்டும் கருகின. கருகிய செடியைக் கவாத்து செய்து மீண்டும் கொழுந்து பறிக்கும் நிலைக்குக் கொண்டுவர அவர் இழந்த மாதங்களையும் கணக்கில் எழுதினால், மரம் விற்ற தொகையின் பெரும்பகுதி கரைந்துபோகும். மழைக்காலத்து வரவை மட்டும் எழுதும் பேரேடு முழுப் பேரேடு ஆகாது.

நமது மேட்டுப் புல்வெளிகளும் இதையே கூறுகின்றன. அப்பர் பவானிப் பக்கம் செல்பவர்கள் மடிப்புகளில் சோலையும் முகடுகளில் புல்லுமாக நிலம் பிரிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழாமல் இல்லை. நீலகிரி மேட்டுப் புல்வெளிகளைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்வு, திறந்த புல்வெளியில் குளிர்கால இரவின் உறைபனியே சோலைக் கன்றுகளை வாழவிடாமல் செய்கிறது என்று காட்டியது. சோலையின் கூரைக்கடியில் அக்குளிர் இறங்குவதில்லை. அதாவது சோலைக்கன்றுக்கு வேண்டியது நிலம் மட்டுமன்று, அண்டையில் பெரியவர்கள். புல்வெளியில் தனியே நின்று தாங்கவல்லது சிவந்த பூப்பூக்கும் காட்டுப்பூவரசு போன்ற மிகச் சிலவே. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவரப்பட்ட சீகை மரமோ உறைபனியைப் பொறுத்துக்கொள்வது. ஆகவேதான் புல்வெளியைத் தின்றுகொண்டு போகிறது. இதிலும் இருபுறம் உண்டு. சோலையை ஒட்டிய முதிர்ந்த சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் மெல்ல முளைத்து எழுவதைப் பழனி மலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். புல்வெளிக்குப் பகையானது சோலைக்கன்றுக்குச் செவிலியாகிறது. சீகையை எங்கே களைவது, எங்கே பொறுப்பது என்பது இடமறிந்து செய்யவேண்டிய காரியம். ஒரே உத்தரவால் முடிவதன்று என்பது என் அபிப்பிராயம்.

கற்பூர மரத்தைப் பற்றி அவ்வளவு தயக்கம் எனக்கு இல்லை. அது நம் மலையிலேயே அளந்து எழுதப்பட்ட வழக்கு. 1954-இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்ட மத்திய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கனில் அடுத்தடுத்துள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றை இயற்கைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் 1972-இல் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் ஓடிவரும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். முதற்பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. பழைய வேர் மண்ணுக்குள் இருக்க, மேலே புதுத்தளிர் எழுந்ததால் இரண்டாம் முறை தாகம் மிகுந்தது. எல்லைக்கோட்டில் கற்பூர மரம் வைத்து அடுத்தவர் தேயிலையை வாட்டும் வழக்குகள் சங்கக் கூட்டங்களில் எழும்போது, "மரம் என் நிலத்தில்தானே நிற்கிறது" என்ற பதில் வருகிறது. அடிமரம் அவருடைய நிலத்தில் நிற்கிறது என்பது மெய்யே. வேருக்கு எல்லைக்கல் தெரியாது.

நெசவாளர் அங்கத்தினர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், அவர்களுக்கும் உரிய செய்தி உண்டு. 1901-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சிப் பண்ணை இயங்கிவரும் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டில், மானாவாரிப் பருத்தியின் வரிசைகளுக்கிடையே உளுந்தோ கொத்தமல்லியோ விதைப்பது வழக்கம். உளுந்து எழுபது நாளளவில் காய்த்து விலகிவிடும். பருத்தி அதுவரை மெதுவாக வளர்ந்து, அதன் பின்னரே கிளை பரப்பித் தன் முழுப் பசியைக் காட்டும். இருவருக்கும் ஒரே பந்தி. ஆனால் உண்ணும் நேரம் வேறு. உளுந்தின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், மண்ணிலுள்ளதைப் பருத்தியோடு அதிகம் பங்கிட வருவதுமில்லை.

பருத்தி வேரைப் பற்றி இன்னொரு செய்தி. சோளக் காட்டில் தோன்றும் சுடுமல்லிக் களையை மானாவாரிக் குடியானவர் அனைவரும் அறிவர். அது சோளத்தின் வேரில் வாய்வைத்து உறிஞ்சும் ஒட்டுண்ணி. தூசியைப் போன்ற அதன் விதை பல ஆண்டு மண்ணில் உறங்கும். தக்க வேர் அருகில் வந்து கசிவை விட்டால் மட்டுமே விழிக்கும். அக்கசிவிலுள்ள பொருளை 1966-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது சோள வேரிலிருந்து அன்று, பருத்தி வேரிலிருந்து! பருத்தியின் வேரில் சுடுமல்லி ஒட்டிக்கொள்ள முடியாது. ஆகவே பருத்திக் காட்டில் விழித்த விதை உணவின்றி மடிகிறது. சோளத்துக்கு மறு ஆண்டு பருத்தி போடும் பழக்கத்தில் இத்தகைய பயனும் அடங்கியிருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கும் பொருளைச் செடி ஏன் கசியவேண்டும் என்ற புதிர் நாற்பது ஆண்டுக்குமேல் அல்ல, ஏறக்குறைய நாற்பது ஆண்டு நீடித்தது. 2005-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் விடை கண்டனர். மணிச்சத்துக்காக ஏங்கும் வேர், மேலே கூறிய பூசணத்தை அழைக்கவே அதைக் கசிகிறது. நண்பனை அழைக்கும் குரலைத் திருடனும் கேட்டுக்கொண்டு வருகிறான்.

குந்தா அங்கத்தினர்களுக்குச் செயல்முறையாகச் சில சொல்லி முடிக்கிறேன். மரம் வெட்டியே தீரவேண்டிய நெருக்கடி வந்தால், ஒரே சமயத்தில் மொட்டையடிக்காமல், நெருங்கி நிற்பவற்றிலும் மேட்டுப்பகுதியில் நிற்பவற்றிலும் முதலில் கழிக்கலாம். பனி தேங்கும் பள்ளப்பகுதி மரங்களைக் கடைசிவரை விட்டுவைக்கவேண்டும். வெட்டுமுன் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்குரிய குழுவின் அனுமதி பெறவேண்டும் என்பதை மறந்து, மரத்தையும் இழந்து அபராதமும் கட்டுவோர் உண்டு. வெட்டும் மரத்துக்கு ஈடாக வைக்கும் கன்று குடை விரிக்கப் பல ஆண்டு ஆகுமாதலால், கன்றை முன்னதாகவே நட்டுவிட்டுப் பின்னர் வெட்டுவதே முறை. கிளை கழிப்பதைச் சித்திரை, வைகாசிக்குள் முடித்துவிடவேண்டும். ஐப்பசிக்குமேல் கத்தியை எடுக்கவேண்டாம். கூலியாள் அப்பொழுது மலிவாகக் கிடைத்தாலும் சரியே.

பள்ளத்தின் கீழ் ஓரத்தில் அடர்த்தியான வேலிமரம் வைத்திருப்பவர்கள், அதில் இரண்டொரு இடத்தில் வழிவிடவேண்டும். இல்லையேல் வழிந்துவரும் குளிர்காற்று அணைநீர்போல் தேங்கிவிடும். எல்லைக் கற்பூர மரத்தை உடனே நீக்க இயலாத இடத்தில், மரத்துக்கும் தேயிலைக்கும் நடுவே பள்ளம் வெட்டி மேல்வேர்களை அறுத்துவிட்டால் சில காலத்துக்கு நிவாரணம் கிடைக்கும். வேர் மீண்டும் வருமாதலால் பள்ளத்தை அவ்வப்போது திருத்தவேண்டும். சரிவில் அதை நீளவாக்கில் வெட்டினால் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டுபோகும் என்பதையும் கவனிக்கவேண்டும். அதன் செலவை எல்லையின் இருபுறத்தாரும் பகிர்ந்துகொள்வது நியாயமா, மரம் வைத்தவரே ஏற்பதா என்பதைச் சங்கக் கூட்டத்தில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். குவாத்தமாலா புல்லைத் தேயிலை வரிசைக்குள் நடுவது தவறு; அங்கே அது ஈரத்துக்குப் போட்டியிடும். ஓடைக்கரையிலும் தரிசு மூலையிலும் நட்டு வளர்த்து, மார்கழிக்குள் அறுத்துத் தேயிலையின் அடியில் பரப்பினால், ஈரம் காத்துக் கோடையைக் கடத்திக் கொடுக்கும். பனி மிகுந்து விழும் தாழ்ந்த இடங்களில் மட்டும் இப்பரப்பை ஒதுக்கிவைக்கவும். மூடாக்குப் போட்ட மண் பகல் வெப்பத்தைக் குறைவாகவே சேமிப்பதால் அங்கே இரவுக் குளிர் சற்று மிகும்.